சொர்ணவல்லிக்கு விழுந்த நட்சத்திர மொய்

ஆலங்குடி பேருந்து நிலையத்தில் ஐப்பசி முழுக்க ஒரே பேச்சு. முந்திரி வறுக்கிற சொர்ணவல்லி மொய் விருந்து வைத்தாளாம், விழுந்ததை அமுக்கிக்கொண்டு இப்போது யாருக்கும் திருப்பிச் செய்ய மறுக்கிறாளாம். டீ ஆறுவதற்குள் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டி, அவள் வீட்டு மாடியில் ஏசியும் மாட்டப்பட்டுவிட்டது. விசாரிக்கப் போனால் மாடியே இல்லை, ஓட்டு வீடு. மொய் விழுந்தது மட்டும் உண்மை. அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

சொர்ணவல்லிக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தைந்து வருஷமாக முந்திரிக்கொட்டையைச் சுட்டு உடைக்கிறாள். கொட்டைப்பால் பட்டுப் பட்டு விரல் ரேகை அழிந்துவிட்டது. சொந்த போனே அவள் விரலை நம்பாமல் நாலு எண்ணைக் கேட்கும். அந்த விரலால்தான், புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ் போட்டிருக்கும் கவியரசனை வைத்து, முந்திரிக்கென்று ஒரு வெப்சைட் திறந்து, கடையை மேப்பிலும் ஏற்றினாள். நாலு வருஷத்தில் முகம் தெரியாத முப்பத்தேழு பேர் நல்லவிதமாக எழுதியிருந்தார்கள். 'சிக்கு வாடையே இல்லை, பருப்பு உடையாமல் வந்தது' என்று திருப்பூர்ப் பெண் ஒருத்தி எழுதியதை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். வீட்டுக்காரர் குழந்தைசாமி இத்தனை வருஷத்தில் அவ்வளவு நீளமாகப் பாராட்டியதில்லை.

ஆனாலும் முந்திரி என்று தேடினால் அவள் கடை மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. அங்கே வருகிறவன் வழி தவறி வந்தவன்தான். முதல் பக்கத்தில் முதலாவதாக நின்றது, முந்திரி மரத்தைப் படத்தில் மட்டும் பார்த்த ஒரு சென்னைக்காரரின் கடை. அந்தப் பாக்கெட்டுக்குள் இருந்த பருப்பு, வியாபாரி கை மாறிப் போன சொர்ணவல்லியின் பருப்பு. இந்தத் தீபாவளிக்காவது முதல் பக்கத்துக்கு ஏறி, தன் பருப்பைத் தன் பெயரில் தன் விலைக்கு விற்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"ரிவ்யூ கூடணும் அக்கா. வாங்குனவங்கள ஒவ்வொருத்தரா எழுதச் சொல்லுங்க. ஆறு மாசத்துல மெதுவா ஏறும்" என்றான் கவியரசன்.

"ஆறு மாசமா? அதுக்குள்ள பொங்கலே முடிஞ்சிரும்" என்று குழந்தைசாமி மொய் நோட்டை எடுத்தார். "ஊர்ல எவன் விருந்து வச்சாலும் மொத ஆளாப் போயி செஞ்சிருக்கேன். நாமளும் ஒண்ணு வப்போம். பணம் வேணாம், ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம் போடட்டும்."

"அதுக்குக் கறியும் சோறும் ஆக்கணுமாக்கும்?"

"சோறு போடாம எவன்டி மொய் செய்வான்?"

கவியரசனை ஒரு வார்த்தை கேட்போமா என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கண்ணுக்குள் முதல் பக்கம் நின்றது.

ஆவணிக் கடைசி ஞாயிறு. பத்திரிகை, பந்தல், மைக், ஆட்டுக்கறி. வழக்கமாகப் பணம் வாங்குகிற மேசையில் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு எழுதிய அட்டை. இரண்டு மணி நேரத்தில் இருநூற்றுப் பதினாலு பேர் அவரவர் போனில் எழுதினார்கள். மொய் எழுதுகிற முறைப்படியே எழுதினார்கள். 'குளமங்கலம் ராமையா மகன் வீரப்பன், ஐந்து, புது நடை.' புது நடை என்றால், பழைய பாக்கி இல்லாமல் புதிதாகச் செய்கிற மொய். முந்திரியைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. இரண்டு பேர் மட்டும் கறியில் உப்பு தூக்கல் என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

பங்காளி ஆத்மநாதன் இரண்டு நட்சத்திரத்தோடு எழுந்தார்.

"என்னங்க மாமா, ரெண்டோட நிறுத்திட்டீங்க?"

"எங்க விருந்துல ஒன் வீட்டுக்காரன் எரநூறுதான செஞ்சான்? வாங்குன ரெண்டத் திருப்பிப் போட்டாச்சு. நூறுக்கு ஒண்ணு, கணக்குச் சரியாப் போச்சு."

புதன்கிழமை மேப் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இயல்புக்கு மாறான நடவடிக்கையாம். இருநூற்றுப் பதினாலும் போயின. கடையும் மேப்பிலிருந்து போனது.

"ஒரே வைஃபை, ஒரே மத்தியானம், எல்லாத்துலயும் அப்பா பேரு! மிஷினுக்குச் சந்தேகம் வராம என்ன செய்யும்?" என்று கவியரசன் தலையில் கை வைத்தான். "ஒங்க அக்கவுண்டையும் முடக்கிட்டாங்கக்கா. இனி நீங்க யாருக்கும் எழுத முடியாது."

"திருப்பூர்ப் பொண்ணு எழுதுனது?"

"அதுவும் போச்சு."

"அது நெசம் தம்பி."

"நெசம், பொய்யெல்லாம் அதுக்குத் தெரியாதுக்கா."

முறையீடு அனுப்பினார்கள். கடைப் பலகையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. பலகையைத் துடைத்து, மாலை போட்டு எடுத்து அனுப்பினாள். நிராகரித்துவிட்டார்கள். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கையில் பழைய வியாபாரி வந்து, போன வருஷத்தைவிடக் குறைத்துக் கேட்டார். "மேப்புலயே இல்லாத கடைக்கு இதுக்கு மேல என்னத்தா?" என்றார். சொர்ணவல்லி மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தாள். அந்தப் பருப்பு அந்த வாரமே முதல் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது, வேறு பெயரில்.

ஊர் விடுமா? பஞ்சர் கடை, பரோட்டாக் கடை, போட்டோ ஸ்டுடியோ என்று ஆளாளுக்குப் போட்ட நட்சத்திரத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். முடக்கிய அக்கவுண்டை அவள் எப்படி விளக்குவாள்? செய்ய மாட்டேன் என்கிறாள் என்ற பேச்சு அங்கேதான் கிளம்பியது. குழந்தைசாமி தன் அக்கவுண்டில் ராத்திரி பகலாகச் செய்தார். முப்பதாவதில் அதுவும் நின்றது.

போன வாரம் கண்ணாத்தாள் வந்தாள். பக்கத்துத் தெருவில் புதிதாகத் தையல்கடை போட்டவள்.

"என் அஞ்சு என்னடி ஆச்சு?"

"நீ போட்டதுதான் அழிஞ்சு போச்சே அக்கா."

"ஒன் பந்தல் காத்துல பறந்தா என் மொய்யும் பறந்துருமா? போட்டது போட்டதுதான்."

"பேனாவால அஞ்சு வரஞ்சு தரட்டுமா?"

"ஏன், சுவத்துல ஒட்டிக் கும்புடவா? மேப்புல போடு."

சொர்ணவல்லி போனை எடுத்தாள். அது விரலை ஏற்காமல் நாலு எண்ணைக் கேட்டது. தட்டினாள். ஐந்து நட்சத்திரமும் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினாள். கண்ணாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா நடிக்கிறடி" என்று செருப்பை மாட்டினாள்.

விருந்தன்று எழுதிய மொய் நோட்டில் குழந்தைசாமி, திருப்பிச் செய்த பெயர் மேல் ஒரு கோடு இழுப்பார். கண்ணாத்தாள், ஐந்து. அதன் மேல் இன்னும் கோடு விழவில்லை.