எல்லாருக்கும் ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

முனியாண்டி பத்தாம் நம்பர் தேயிலை மலையில் மயங்கி விழுந்த காலையில், நான் ஸ்டோரில் மண்வெட்டிப் பிடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். புல்லுக்கு மருந்தடிக்கிற டாங்கியை முதுகில் சுமந்தபடியே சரிந்து விழுந்தானாம். கொழுந்து லொறியில் போட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்ணும் வீங்கி, விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.

மூத்தவளே, போன மாதம் கொழும்பில் நீ சூப்பர்வைசர் ஆனாய். "அப்பா, இப்ப எல்லாத்துக்கும் நான்தான் சைன் பண்றேன்" என்று போனில் சொன்னாய். சந்தோஷம்தான். ஆனாலும் சைன் என்றதும் எனக்குப் பயம் வந்தது. காரணத்தைப் போனில் சொல்ல வராது, நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போன காலத்துக் கதை. எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும்.

1. அலுமாரி

டிஸ்பென்சரி மருந்தையா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இவனுக்குக் கிளவுஸ், மாஸ்க் எல்லாம் குடுத்திருக்கீங்களா?"

"புக்கில் இருக்கு" என்றேன்.

புக்கில் இருந்தது உண்மை. மருந்தடிக்கிற ஒவ்வொருவன் பெயருக்கும் நேரே கிளவுஸ், மாஸ்க், கண்ணாடி, பூட்ஸ் என்று மாதாமாதம் எழுதி, அவன் கைநாட்டும் வாங்கி, கீழே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். சாமான் மட்டும் ஸ்டோர் அலுமாரியில் பொலித்தீன் பிரிக்காமல் இருந்தது. வெளிநாட்டுக்குத் தேயிலை போக ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும். அதற்கு ஆடிட் வருகிற அன்றைக்கு எடுத்துக் கொடுப்பது, அந்தியில் திருப்பி வாங்கிப் பூட்டுவது. எனக்கு முன்னால் ஸ்டோரில் இருந்தவர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டுத்தான் போனார்: "இது ஆடிட் சாமான் தம்பி. தொடாதீங்க. வருசத்துக்கு ஒரு நாள் வெயில்ல போட்டாப் போதும்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓ.எல். சோதனையோடு படிப்பை நிறுத்தியும் ஓபிஸ் வேலை கிடைத்தவன் என்ன கேட்பான்?

புக்கைப் பார்த்த மருந்தையா தன் ரிப்போர்ட்டில் எழுதினார்: சாமான் கொடுத்தும் போடவில்லை, தொழிலாளியின் கவனக்குறைவு. அவரைக் குறை சொல்ல முடியாது. என் கையெழுத்தை நம்பி எழுதினார்.

மறுநாள் முனியாண்டியின் மனைவி லெட்சுமி ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "ஐயா, எங்க வீட்டுக்காரரு கிளவுஸப் போடாம விட்டுட்டாருன்னு எழுதியிருக்காங்களாமே. எப்பங்கய்யா குடுத்தீங்க?"

"தொரைகிட்ட பேசுறேன் லெட்சுமி" என்றேன்.

பேசவும் பேசினேன். சின்னத்துரை மனேஜருக்கு அடுத்த ஆள், சிங்களப் பையன். தமிழை இங்கே வந்து தொழிலாளர்களிடம் கற்றவர், நல்லவர். "நானும் சொன்னேன் ஸ்டோர் ஐயா, பெரியவரு கேக்கணுமே" என்றார். பெரிய துரை, "நான் கம்பெனிக்கு எழுதிட்டேன்" என்றார். கம்பெனி, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றது. எல்லோருக்கும் அது தப்பென்று தெரிந்திருந்தது. ஒருவர் மிச்சமில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. அதைவிடப் பெரிய எரிச்சல் என் மேல்தான். அலுமாரிச் சாவி என் இடுப்பில் அல்லவா தொங்கியது?

2. வெற்றிலை

மூன்று வாரம் கழித்து ஆடிட் வந்தது. அதற்கு முந்தின நாள், காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திச் சின்னத்துரை பாடம் நடத்தினார். கண் ஓரளவு தேறிய முனியாண்டியும் வேலைக்கு வந்திருந்தான்.

"நாளைக்கு ஆடிட் நோனா கேட்டா என்ன சொல்லணும்?"

"தெனமும் போடுறோம் தொரை."

"எப்பக் கழுவுறீங்க?"

இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. முனியாண்டி சொன்னான்: "தீவாளிக்குத் தீவாளி தொரை."

பெரட்டே சிரித்தது. "முனியாண்டி, நீ நாளைக்கு வாயவே தெறக்காத!" என்று சின்னத்துரை கத்தினார்.

விடிந்ததும் சாமானைக் கொடுத்தேன். பூட்ஸ் அத்தனையும் ஒன்பதாம் நம்பர். யாரோ ஒரு புண்ணியவான் கொழும்பில் மொத்தமாக வாங்கியிருக்கிறார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குக் கால் ஆறாம் நம்பர்கூட வராது. "ஐயா, இதுக்குள்ள இன்னொரு ஆளும் நிக்கலாங்கய்யா" என்றான் ஒருவன். சாக்குத் துண்டைத் திணித்து அனுப்பினேன். சரிவில் ஆட்கள் நடை பழகுகிற பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஆடிட் நோனா கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் முனியாண்டியிடம் வந்ததும் அலறிவிட்டார். வெள்ளை மாஸ்க் நடுவே சிவப்பாக ஊறி வழிகிறது. "ஐயோ, லே! லே!" ரத்தம் என்று சிங்களத்தில் கூவினார்.

வாயைத் திறக்காதே என்று சொல்லப்பட்டவன் மாஸ்க்கைக் கீழே இழுத்தான். "லே நெவெய் நோனா, புலத்." ரத்தமில்லை, வெற்றிலை. காலையில் போட்ட வெற்றிலையோடு அப்படியே மாஸ்க்கைக் கட்டியிருக்கிறான்! துப்ப இடமில்லாமல் பாவம் எவ்வளவு நேரம் அடக்கினானோ.

நோனாவும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். தினமும் மாஸ்க் போடுகிறவனுக்கு, வெற்றிலையோடு அதைக் கட்ட முடியாது என்று தெரியாதா? சிங்களத்தில் அதைத்தான் கேட்டார். புக்கைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன்.

"இது உங்கள் கையெழுத்தா? மாதாமாதம் கொடுத்தீர்களா?"

சின்னத்துரை என்னைப் பார்த்தார். முனியாண்டியும் பார்த்தான். எனக்கு நம் குவாட்டஸ் வீடு ஞாபகம் வந்தது, உங்கள் இரண்டு பேர் படிப்பும் ஞாபகம் வந்தது.

"ஆமாங்க நோனா, குடுத்தேன்" என்றேன்.

உங்கள் அப்பா அன்றைக்குச் சொன்னது அதுதான். மறைக்கவில்லை.

3. திருப்பி வாங்குதல்

சர்ட்டிபிகேட் பிழைத்தது. அந்தியில் ஆட்கள் ஸ்டோர் முன்னால் வரிசையில் நின்றார்கள். முனியாண்டி கேட்பதற்கு முன்பே கிளவுஸை மடித்து ஜன்னலில் வைத்தான். "இந்தாங்கய்யா. அடுத்த வருசம் கண்ணு தெரிஞ்சா வந்து வாங்கிக்கிறேன்."

கேலியாகத்தான் சொன்னான். நான் கிளவுஸை அவன் பக்கமே தள்ளினேன்.

"எடுத்துட்டுப் போ" என்றேன். "எல்லாரும் எடுத்துட்டுப் போங்க."

சின்னத்துரை ஓடிவந்தார். "என்ன ஸ்டோர் ஐயா, அலுமாரில வைக்கலியா?"

"புக்குல குடுத்ததா இருக்கு சேர். இன்னைக்கு நோனாகிட்டயும் குடுத்தேன்னு சொல்லிட்டேன். குடுத்த சாமானத் திருப்பி வாங்கினா அதுக்கு எந்தப் புக்குல எழுதுறது?"

அவர், "பெரியவரு கேட்டா நான் பாக்கலன்னு சொல்லுவேன்" என்றுவிட்டுப் போனார். அந்த மட்டுக்கும் உதவி.

பாதிதான் சரியாகியிருந்தது. முனியாண்டியின் கவனக்குறைவு இன்னும் ரிப்போர்ட்டில் இருந்தது. மறுநாள் ஒரு தாளில், அவன் விழுந்த அன்று அவனுக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை, புக்கில் உள்ளது பொய், எழுதியவன் நான் என்று எழுதி, ஒரு பிரதி பெரிய துரைக்கும் ஒரு பிரதி மருந்தையாவுக்கும் கொடுத்தேன். மருந்தையா ரிப்போர்ட்டை மாற்றினார். முனியாண்டியை மருந்தடிப்பிலிருந்து எடுத்துத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலைக்குப் போட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவிருந்த பெரிய கிளாக்கர் வேலை வரவில்லை. நாம் குவாட்டஸை விட்டுக் கீழ்ப்பிரிவுக்கு மாறினோமே, "ஏம்பா இங்க வந்தோம்?" என்று நீ அழுதாயே, காரணம் இதுதான்.

முனியாண்டி திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். கவ்வாத்துக்குப் போனவன் பூட்ஸைத் திருப்பித் தரவில்லை. சாக்கைத் திணித்து அதைப் போட்டுக்கொண்டு லிந்துலையில் கல்யாணத்துக்குப் போனான். மற்றவர்கள் மாஸ்க்கை வீட்டு ஆணியில் மாட்டிவைத்தார்கள், வெற்றிலை போட முடியவில்லையாம். அவர்களோடு சண்டை பிடித்தே என் தொண்டை போயிற்று. சாமானைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

மகளே, உனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்பார்கள். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்பார்கள். எல்லாரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். நீ பேனாவை எடுக்கும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் லெட்சுமி நின்று, "எப்பங்கய்யா குடுத்தீங்க?" என்று கேட்பதாக நினைத்துக்கொள். அவளுக்குச் சொல்ல உன்னிடம் பதில் இருந்தால் கையெழுத்தைப் போடு.