நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்

இது நடந்தது. கேள்விப்பட்டதும் இல்லை, கண்ட கனவும் இல்லை. 1988 சித்திரை மாதம், கோவில்பட்டியில், நட்ட நடு மத்தியானத்தில் என் கண் முன்னால் நடந்தது. என் மகள் நன்றாக இருக்கிறாள், இரண்டு காலும் ஒரு குறையில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வரும்போது அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். இருட்டில் உட்கார்வதுதான் என் பிழைப்பே. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை. மதுரையிலிருந்து கைமாறி வந்த பழைய மிஷின். திரை தெளிவாகத் தெரிவதற்காக ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருப்போம். வெளியே கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கிற வெயில், உள்ளே பகலிலும் அமாவாசை. அந்த அறையில் மாதக்கணக்கில் தனியாக இருந்து பழகியவள் நான். பயமெல்லாம் கரப்பான்பூச்சிக்கு மட்டும்தான்.

வயிற்றில் இருக்கும் பிள்ளையின் தொடை எலும்பை அளப்பேன். திரையில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், சதை சாம்பல் நிறமாக, எலும்பு வெள்ளையாக. தொடை எலும்பு ஒரு தீக்குச்சி மாதிரி கிடக்கும். படத்தை நிறுத்திவிட்டு, மிஷினில் பதித்திருக்கும் உருண்டையை விரலால் உருட்டினால் ஒரு கூட்டல் குறி நகரும். இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. இத்தனை மில்லிமீட்டர் என்று எண் வந்துவிடும். அதை வைத்துத்தான் பிள்ளை வளர்கிறதா என்று டாக்டரம்மா சொல்லுவார்கள். எந்தக் கால் முதலில் சிக்குகிறதோ அதை அளப்போம். ஒன்று போதும். இரண்டு காலும் ஒரே அளவுதானே!

சந்தனமேரி எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துப் பெண். இருபது வயது இருக்கலாம். தலைப்பிள்ளை அதற்கு முந்தின வருஷம் ஆறாம் மாதத்திலேயே இறந்து பிறந்தது. இது இரண்டாவது. ஏழு மாதத்தில் நான் அளந்தபோது எலும்பு நாற்பத்தெட்டு இருந்தது. குறைந்தது ஐம்பத்துநாலு இருந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அன்றைக்கு அதற்காக வந்திருந்தாள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

“எஸ்தர், இன்னைக்கும் அதே அளவுன்னா உள்ள விட்டுவைக்க முடியாது. இன்னைக்கே ஆபரேஷன்.”

அந்தக் காலத்தில் எட்டு மாதம் நிறையாத பிள்ளையை வெளியே எடுத்தால் பிழைப்பது அபூர்வம். வளராமல் உள்ளே கிடந்தாலும் போய்விடும். நான் சொல்லப்போகிற ஒரு எண்ணில் இருந்தது அந்தப் பிள்ளையின் உயிர். எனக்கும் அப்போது மூன்று மாதம் நிறையவில்லை. மூன்று முடியுமுன் வெளியே சொல்லாதே என்று மாமியார் உத்தரவு, அதனால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. சந்தனமேரியின் வயிற்றில் ஜெல்லைத் தடவினேன்.

“பிள்ள வளருதாக்கா?”

“பொறு மேரி. பாக்கத்தான போறேன்.”

கையில் பிடிக்கிற கருவியை வயிற்றில் வைத்ததுமே வெள்ளைக் குச்சி சிக்கியது. நிறுத்தினேன். அளந்தேன்.

48.

மனசு உடைந்துவிட்டது. மறுபடியும் அளந்தேன். அதே 48. அரை மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிடலாம் என்று நிறுத்திய படத்தை மறுபடி ஓடவிட்டேன். அப்போது பிள்ளை உதைத்தது. சந்தனமேரிகூடச் சிரித்தாள்.

இரண்டு காலும் சேர்ந்து உதைத்தன. திரையில் நன்றாகப் பார்த்தேன்.

நான் அளந்த எலும்பு அசையவே இல்லை.

அது அந்தக் கால்களில் இல்லை.

அவசர அவசரமாக ஒரு காலைப் பிடித்து அளந்தேன். அறுபது. இன்னொரு காலைப் பிடித்தேன். அறுபது. எட்டாம் மாதத்துக்கு அச்சு அசலான அளவு! பிள்ளை ஜோராக வளர்ந்திருக்கிறது. ‘ஸ்தோத்திரம்’ என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்படியானால் அது என்ன?

ரெட்டையோ என்று தேடினேன். தலை ஒன்றுதான். துடிக்கிற இதயமும் ஒன்றுதான். அந்த இரண்டு கால்களுக்கும் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, மூன்றாவதாக ஒரு தொடை எலும்பு. சுற்றிலும் சாம்பல் நிறமே இல்லை. சதை இல்லாமல் வெறும் வெள்ளையாக, கறுப்புத் தண்ணீரில் தனியாகக் கிடந்தது.

கருவியை இடப்பக்கம் நகர்த்தினேன்.

அது என் கை போன பக்கம் திரும்பியது.

மில் சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு. சங்கு ஓய்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

திரை அணைந்தது. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. சுத்தமான இருட்டு.

“பயப்படாத மேரி. ஜெனரேட்டர் போடச் சொல்லிட்டு வாரேன்.”

சுவரைத் தடவிக்கொண்டு கதவுக்குப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். வெயில் காலத்தில் அது ஐஸ் மாதிரி இருந்தது. இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன்.

பின்னால் ஒரு சத்தம்.

கர்ர்... கர்ர்...

எனக்குத் தெரிந்த சத்தம். மிஷினில் அந்த உருண்டையை உருட்டுகிற சத்தம்.

கரண்ட் இல்லை. மிஷினுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

கர்ர்...

“மேரி, மிஷினைத் தொடாத.”

“நான் படுத்துத்தான கெடக்கேன்.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “அக்கா... என் காலை விடுங்க.”

என் இரண்டு கையும் தாழ்ப்பாளில் இருந்தன.

“அக்கா, கூசுது. விடுங்கக்கா.”

தாழ்ப்பாளை இன்னும் வேகமாக இழுத்தேன்.

“ம்... விட்டுட்டீங்க.”

தொப்.

கட்டிலிலிருந்து ஏதோ தரையில் விழுந்தது. சின்னதாக. ஈரமாக.

பிறகு தரையில் உரசுகிற சத்தம்...

ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம்.

ஒரு இழுப்பு...

என் பக்கமாக.

என் கணுக்காலில் ஈரம் பட்டது.

ஒரு விரல்.

இன்னொன்று...

ஏசப்பா...

கரண்ட் வந்தது.

காலடியில் ஒன்றும் இல்லை. தாழ்ப்பாள் தானாகவே திறந்துகொண்டது. கரண்ட் போய் வந்தால் அந்த மிஷினில் திரை வெறுமையாகத்தான் இருக்கும், எல்லாம் அழிந்துவிடும். அன்றைக்குப் படம் இருந்தது. சதையில்லாத எலும்பு ஒன்று, இரண்டு முனையிலும் கூட்டல் குறி, கீழே 48. அந்தக் குறிகளை நான் வைக்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் டாக்டரம்மா ஓடி வந்தார்கள். அதற்குள் படம் போய்விட்டது. அவர்களே உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு கால். அறுபது, அறுபது. மூன்றாவதாக எதுவும் இல்லை.

“நல்லாத்தான வளந்திருக்கு! அன்னைக்கு எதை அளந்தே நீ?”

ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள், எனக்கு அது போதும். குனிந்து பார்த்தபோது என் கணுக்காலில் ஜெல் பிசுபிசுத்தது. சந்தனமேரியின் வயிற்றில் மட்டும்தான் நான் ஜெல் தடவியிருந்தேன்.

பத்தாம் மாதம் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. கொழுகொழுவென்று இருந்தான். வீட்டுக்குப் போகிற அன்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“அன்னைக்குக் கரண்ட் போச்சுல்லக்கா, அதுல இருந்து வயிறு லேசாயிட்டு. என்னமோ எறங்கிப் போன மாதிரி. அதுவரைக்கும் ஒரு பக்கம் எப்பவும் ஜில்லுனு இருக்கும்.”

அவள் போனபிறகு ஆயா பாத்திமுத்துவிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் அங்கே பத்து வருஷமாக வேலை பார்ப்பவள்.

“இவ மொதப் பிள்ள எங்கன பிறந்துச்சு?”

“நீ ஸ்கேன் எடுக்குற ரூம்லதான்மா. மிஷின் வாரதுக்கு முந்தி அங்கன பிரசவக் கட்டில் கெடந்துச்சு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “காலுதான் மொதல்ல வந்துச்சு. ஒத்தக் காலு. ரொம்ப நேரம் அது மட்டும் வெளிய ஆடிக்கிட்டு கெடந்துச்சு, ஊண்டுறதுக்கு எடம் தேடுற மாதிரி. முழுசா வந்தப்ப உசுரு இல்ல.”

“தொடை எம்புட்டு இருக்கும்?”

பாத்திமுத்து தன் ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவைத் தொட்டுக் காட்டினாள். நான் எத்தனையோ எலும்பு அளந்தவள். அது எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரியும்.

அந்த அறைக்குள் போய் நானே படுக்க எனக்கு மனசு வரவில்லை. ஐந்து மாதம் முடிந்ததும் திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். வயதான டாக்டர் ஒருவர். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். உருண்டை உருளும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

“பிள்ளைக்குத் தொடை எலும்பு முப்பத்தெட்டு. மாசத்துக்குச் சரியா இருக்கு.”

மூச்சு விட்டேன்.

கர்ர்... கர்ர்...

மறுபடியும் உருட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“ரெட்டைன்னு யாரும் சொன்னாங்களாம்மா?”

நானே கேட்டேன்.

“அந்த இன்னொண்ணு... நாற்பத்தெட்டா டாக்டர்?”

அவர் எண்ணைப் பார்த்தார்.

“இல்லம்மா. ஐம்பத்தொண்ணு.”

ஒரு வருஷமாக வளராமல் கிடந்தது, என்னிடம் வந்தபிறகு வளர ஆரம்பித்திருந்தது.