கொழுப்புக்கு வந்த காய்ச்சல்

மைன்ஸில் நிலக்கரி போகும் பெல்ட் லைனில் காண்ட்ராக்ட் தொழிலாளியாகப் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு பதில் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். "ஏதாவது வியாதி இருக்கா?" "இல்லைங்க." கேட் பாஸ் புதுப்பிக்கும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. எங்களில் யாரும் அதில் வேறு எதையும் எழுதிப் பார்த்ததில்லை.

எனக்கு வியாதி இருந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்று புதுச்சேரியில் ஒரு மூட்டு டாக்டர் சொன்னார். நான்கு வருடமாக வார விடுமுறையில் அவரிடம் போய்வந்தேன். மாத்திரை வாங்கியதும் சீட்டைக் கிழித்துவிடுவேன். மாத்திரைகள் வீட்டில் சத்து மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும். என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருடம் பெர்மனன்ட் ஆக்கப் போகிறவர்களின் முதல் பட்டியலில் என் பெயர் வந்தது. இனி மெடிக்கல் என்கிற உடல் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. முத்தாண்டிக்குப்பத்து வாடகை வீட்டை விட்டு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு எந்தெந்தச் சாமானைக் கொண்டுபோவது என்றுகூட மனைவி பேச ஆரம்பித்திருந்தாள். ரத்தத்தில் மாத்திரை தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். மெடிக்கலுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே எல்லா மாத்திரையையும் நிறுத்தினேன். அப்படி ஒரு மூளை எனக்கு!

மூன்றாவது வாரம் தொப்புளைச் சுற்றி வலி வந்தது. கேன்டீன் சாப்பாடு என்று நினைத்தேன். பிறகு காய்ச்சல், பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மனைவி வெளியே ரிப்போர்ட்டுக்காக வரிசையில் நிற்க, நான் மட்டும் சர்ஜன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய என் வயதுள்ள பெண்மணி.

நான் எதையும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டிய ஆள். பெல்ட்டில் ஒரு ரோலர் கிறீச்சிட்டால் எது என்று கண்டுபிடிக்காமல் நகரமாட்டேன். என் வயிற்றையும் பார்க்கவேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினார்.

"இது குடல், நல்லா இருக்கு. குடலைத் தாங்குற இந்தக் கொழுப்புலதான் பிரச்சினை. கறுப்பா தெரியணும். பனி மூடின மாதிரி வெளுத்திருக்கு பாருங்க. வீங்கியிருக்கு."

"கொழுப்புக்குக்கூட வியாதி வருமாங்க?"

"வரும். ஆனா ரொம்ப அபூர்வம்." மெசென்ட்ரிக் பானிகுலைட்டிஸ் என்று ஒரு பெயர் சொன்னார். இரண்டு தடவை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். இப்படி ஒன்று என் வயிற்றில் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் அவர் கேட்டார். "உடம்பே உடம்பைத் தாக்குற வியாதி இருக்கிற சில பேருக்கு இது வரும். உங்களுக்கு மூட்டு வலி, மாத்திரை, அந்த மாதிரி ஏதாவது உண்டா?"

"இல்லைங்க" என்றது வாய். என்னைக் கேட்கவே இல்லை.

"அப்போ இது புற்றுக் கட்டியான்னு நான் சந்தேகப்பட்டே ஆகணும். செவ்வாய்க்கிழமை வயித்தைத் திறந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்துடலாம்."

பஸ்ஸில் மனைவியிடம் சொன்னபோது, "ஒடம்பு முழுக்கக் கொழுப்புன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள். சிரித்தாள். பண்ருட்டி வருவதற்குள் அழுதுகொண்டிருந்தாள். "மூட்டு வியாதிய சொல்லிடு. வேல வேணுந்தான். ஆளு வேணாவா?"

நான் வேறு கணக்குப் போட்டிருந்தேன். மெடிக்கலில் தழும்பைப் பார்த்தால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்பார்கள். கட்டி என்று நினைத்துத் திறந்தோம், ஒன்றும் இல்லை என்று இருந்தால் தப்பிக்கலாம். மூட்டு வியாதி என்று எழுதியிருந்தால் பதினோரு வருடமும் போச்சு. கத்தியே மேல் என்று முடிவு செய்தேன்.

ஆனாலும் அந்தக் கொழுப்பு எப்படித்தான் இருக்கும் என்ற நமைச்சல் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய், "பாய், குடலைப் பிரிக்காம அப்படியே காட்டுங்க" என்றேன்.

"இன்னாத்துக்குங்க? டாக்டருக்குப் படிக்கிறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆனாலும் இரண்டு கையாலும் தூக்கி விரித்துக் காட்டினார். புடவைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக ஒரு சவ்வு, அதன் ஓரம் முழுக்கக் குடல். சவ்வுக்குள் வெள்ளைக் கொழுப்பு. அதற்குள் சிவப்பாக மெல்லிய கோடுகள்.

"குடலு இதுலதாங்க தொங்கிக்கினு இருக்குது. இந்தக் கோடு பூரா ரத்தக் கொழாயி. குடலுக்கு ரத்தம் இது வழியாத்தான் போவுது."

"இதுல கொஞ்சம் மட்டும் வெட்டி எடுக்கலாமா?"

"செத்த ஆட்டுக்கு எங்க வெட்டுனா இன்னாங்க? உசுரோட இருக்கறதுல இங்க எவன் கத்தி வெப்பான்?"

அரை கிலோ கறி வாங்கி வந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பச்சை அங்கியில் படுத்திருந்தேன். மயக்க மருந்து டாக்டர் கையில் தாளோடு வந்தார். "ஏதாவது வியாதி இருக்கா?"

பழக்கத்தில் "இல்" வரைக்கும் வந்துவிட்டது. விரித்துப் பிடித்த அந்தச் சவ்வு கண்ணில் நின்றது. பயந்துபோனேன். "இருக்குங்க" என்றேன். மூட்டு வியாதி, புதுச்சேரி, மாத்திரையை நிறுத்தியது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

சர்ஜன் வந்தார். அப்படி ஒரு கோபத்தை நான் எந்த ஷிப்ட் இன்சார்ஜிடமும் பார்த்ததில்லை. "வருஷக்கணக்கா சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்திட்டு, சொல்லாம டேபிள்ல ஏறுவீங்களா? பிரஷர் விழுந்து இங்கேயே போயிருப்பீங்க!" ஆபரேஷனை நிறுத்தினார். புதுச்சேரி டாக்டரிடம் போனில் பேசினார். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து ஆறு வாரம் பார்ப்பது, வீக்கம் குறையவில்லை என்றால் திறப்பது என்று முடிவானது.

வலி மெதுவாக விலகியது. ஆறாவது வாரத்து ஸ்கேனில் அந்த வெளுப்பு ஏறக்குறையக் காணோம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னேன். சர்ஜன் கோபம் தணிந்து காட்டினார்.

அடுத்த வாரம் மெடிக்கல். படிவத்தில் வியாதிக் கட்டத்தில் இரண்டு பெயரையும் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதவேண்டியிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர், என் லைனிலேயே வேலை பார்ப்பவர், எட்டிப் பார்த்துவிட்டுக் காதருகே சொன்னார்: "எனக்கு ஆறு வருஷமா சுகருங்க. ரெண்டு மாசமா பட்டினி கெடந்து கொறச்சி வெச்சிருக்கேன். நீங்க ஏன் இதெல்லாம் எழுதிக்கினு?"

கடைசிப் பட்டியல் ஒட்டியபோது அவர் பெயர் இருந்தது. என் பெயரை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை தேடினேன். அவர் என்னைப் பார்க்காமல் நகர்ந்துபோனார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பொறாமையும் வந்தது. நாளைக்கு அவர் எந்த டாக்டரிடம் போய் "இல்லைங்க" என்பாரோ என்று பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் மல்லாந்து படுத்தேன். தொப்புளைச் சுற்றி நான்கு விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

மனைவி ஓடிவந்தாள். "எங்க வலிக்குது?"

"வயிறு வலிக்கல" என்றேன்.