சின்ன மாமா கோல் காத்த ஞாயிறு

குளிர்காலம் முடிந்து லண்டன் முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைக்கும் ஞாயிற்றுக்கிழமையை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காது. உள்ள நித்திரையே போதாது, அதிலும் ஒரு மணித்தியாலத்தை அரசாங்கம் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறது என்பார் அம்மா. ஞாயிறு தவிரக் கிழமை முழுவதும் விடியமுன் எழும்பி அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போகிறவர் அவர். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தார். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து நான் கண்ட நாட்கள் குறைவு. கண்ட நாட்களிலும் யாராவது ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிறாகப் பார்த்துத்தான் அப்பாவின் கல்லூரிப் பழைய மாணவர்கள் தங்கள் உதைபந்தாட்ட அணியின் பயிற்சி ஆட்டத்தை வைப்பார்கள். கோடையில் லண்டனில் ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகளெல்லாம் அதில் மோதும். அதற்கு யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்வதற்காக வசந்தம் தொடங்கியதும் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிப் பார்க்கும். கலியாணம் கட்டியவர்கள் ஒரு பக்கம், கட்டாதவர்கள் மறுபக்கம். வேறு எப்படிப் பிரித்தாலும் சண்டை வந்ததாம்.

அப்பா ஒருநாளும் பந்தை உதைத்தவர் அல்லர். ரசிகர். கல்லூரியில் படித்த காலத்திலும் அப்படித்தான் இருந்தாராம். லண்டனில் அவரைப்போல இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். இரவு வேலை முடித்துக் கண் சிவந்து, தடித்த கோட்டுக்குள் கழுத்தைப் புதைத்துக்கொண்டு, மைதானத்து ஓரமாக வரிசையாக நின்று ஒவ்வோர் ஆட்டக்காரனின் காலையும் வயிற்றையும் அளந்து அபிப்பிராயம் சொல்வார்கள். அம்மாவுக்கு இதெல்லாம் வீண் அலுவல்.

“நிண்டு பார்க்கிற நேரத்துக்குப் படுத்து எழும்பினா உடம்புக்காவது நல்லது” என்பார். ஆனாலும் என்னை அப்பாவோடு அனுப்பிவிடுவார். நான் வீட்டில் இல்லாவிட்டால்தான் அவர் படுக்கலாம்.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டில் சின்ன மாமாவும் எங்களோடு வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. முந்தின கார்த்திகையில்தான் லண்டன் கிங்ஸ்பரியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். ஊரில் சண்டைக்குள் இருந்து வெளிக்கிட்டு, வழியில் எந்தெந்த நாடுகளிலோ ஓராண்டுக்கு மேல் கிடந்து வந்தவர். அவரும் அதே கல்லூரிதான். அதைவிட முக்கியமாக, கல்லூரி அணிக்குக் கோல் காத்தவர். ஒரு பெரிய ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பெனால்டி அடியைப் பாய்ந்து பிடித்தாராம். அப்பா அதை நேரில் காணவில்லை. அந்தக் காலத்தில் அவர் லண்டனில் இருந்தார். ஆனால் மாரி முழுவதும் அந்தக் கதையை அவர்தான் சொல்லித் திரிந்தார். கார்த்திகையில் ஒரு பெனால்டியாக இருந்தது, தை மாதத்தில் இரண்டாகி, மாசியில் மூன்றாவதையும் மாமா பிடித்துவிட்டார். முந்தைய கோடையில் எங்கள் அணி கோல் காப்பாளரின் கைக்குள்ளால் பந்து நழுவித்தான் தோற்றது. இந்த முறை அந்தப் பயமில்லை என்று அப்பா எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மாமாவோ பெனால்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பொதுவாகவே அவர் பேச்சுக் குறைவு. அவருக்கு நித்திரையும் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் நித்திரைக்கு ஏங்கிய வீட்டில், வேலைக்குப் போக அனுமதி வராமல் நாள் முழுவதும் சும்மா இருந்த ஒருவர், கட்டிலும் போர்வையும் கொடுத்தும் படுக்காமல் இருந்தது எனக்குப் பெரிய புதினம். நான் பள்ளிக்கூடம் போக இறங்கி வரும்போது முன்னறைக் கதிரையில் தெருவைப் பார்த்தபடி இருப்பார். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தொங்கும். அம்மா பால் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தார். தலைக்கு நல்லெண்ணெய் வைத்துப் பார்த்தார். டாக்குத்தர் தந்த குளிசை மாமாவைத் தள்ளாட வைத்ததே தவிரப் படுக்கவைக்கவில்லை.

“இஞ்சை ஒரு சத்தம் சந்தடி இல்லை. இப்பிடி அமைதியான தெருவிலையும் உனக்கு நித்திரை வராட்டி நான் என்னடா செய்யிறது?” என்று ஒருநாள் அம்மா அழுதுவிட்டார். மாமா, “வரும் அக்கா” என்றார், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

அதனால் பயிற்சி ஆட்டத்தன்று காலை வீட்டில் பெரிய வாக்குவாதம்.

“அவனைப் பார்க்கத் தெரியேல்லையோ உங்களுக்கு? நிக்கவே ஏலாமல் நிக்கிறான். பந்து பிடிக்கக் கூட்டிக்கொண்டு போறியளாம்!”

“காத்துப் படட்டும் எண்டுதான்...” என்று அப்பா இழுத்தார்.

“காத்து! உங்களுக்கு உங்கடை சினேகிதருக்கு முன்னாலை மரியாதை வேணும். அதுக்கு என்ரை தம்பி.”

இருவருக்கும் நடுவில் நின்ற மாமா சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி, “நான் போறன் அக்கா” என்றார். அதற்குமேல் சண்டை பிடிக்க அம்மாவிடம் தெம்பில்லை. மேலே போய்ப் படுத்துவிட்டார்.

பூங்காவில் ஊசிக் காற்று. புல் பாதி, சேறு பாதி. கோல் கம்பங்களுக்கு வலை இல்லாததால், கட்டாதவர்கள் பக்கக் கம்பத்துக்குப் பின்னால் நின்று வெளியே போகிற பந்தை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அப்பா எனக்குத் தந்தார். அந்தக் கோலைத்தான் மாமா காத்தார். ரசிகர்கள் தேத்தண்ணிப் போத்தல்களைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவரை எல்லோரும் ரேடியோ என்று அழைப்பார்கள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை வானொலி வர்ணனைபோல ஓயாமல் பேசுவார்.

“இடது பக்கத்தாலை தம்பி ஓடுறார்... ஓடுறார்... மாரி முழுக்கச் சாப்பிட்ட கொத்துரொட்டியும் அவரோடை சேர்ந்து ஓடுது...”

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் கட்டியவர்கள் பக்கத்து வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தன் பலத்தையெல்லாம் திரட்டி ஒரு அடி அடித்தார். பந்து கம்பத்தின் மூலைக்குள் போய்விட்டது என்றே நினைத்தேன். மாமா எப்படி அந்த இடத்துக்குப் போனார் என்று தெரியவில்லை. ஒற்றைக் கையால் தட்டிவிட்டுச் சேற்றில் விழுந்து, முழங்கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். ரசிகர்கள் துள்ளினார்கள். “பார்த்தியளோ! பார்த்தியளோ!” என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். அப்பா மட்டும் இதெல்லாம் வழமை என்பதுபோல எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கோப்பையைப் பாராமல் ஊற்றியதில் பாதி வெளியே போனது.

அதோடு கட்டியவர்களின் வேகம் அடங்கிவிட்டது. பந்து மறுபக்கத்திலேயே கிடந்தது. ரசிகர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து கத்தினார்கள். மாமாவுக்கு வேலையில்லை. அவர் கம்பத்தில் சாய்ந்தார். பிறகு முதுகை உரசிக்கொண்டே கீழே இறங்கிச் சேற்றில் இருந்தார். தலை சரிந்து நாடி நெஞ்சில் விழுந்தது. வாய் சற்றுத் திறந்தது.

நான் ஓடிப்போய் அப்பாவின் கோட்டை இழுத்தேன். “அப்பா, மாமா நித்திரை.”

“சும்மா அலட்டாதை” என்றார் அப்பா, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் கட்டியவர்கள் பக்கமிருந்து யாரோ பந்தை வானத்துக்கு அடித்தார்கள். அது வந்து வழுக்கைத் தலைக்காரரின் முன்னால் விழுந்தது. அவரால் ஓட முடியவில்லை. நடந்தே கொண்டுவந்தார். எல்லோரும் மாமா எழும்பிப் பாய்வார் என்று காத்திருந்தார்கள். பந்து அவருடைய காலுக்குப் பக்கத்தால் உருண்டு, கோல் கோட்டைத் தாண்டி, நின்றது.

“கீப்பர்! கீப்பர்! என்னடா செய்யிறாய்?” என்று இருபது தொண்டைகள் கத்தின. “இவரே மூண்டு பெனால்டி பிடிச்சவர்?” என்று ஒருவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பாவின் முகம் சுருங்கியது. நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

அணித் தலைவர் கோபமாக ஓடிவந்தார். பெரிய ஆள். அவரும் நாலைந்து ஆண்டுகளுக்கு முன்னர்தான் சண்டைக்குள் இருந்து வந்தவர். கிட்டே வந்து குனிந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார். ஏச எடுத்த வாயை மூடிக்கொண்டு, மற்றவர்களை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். இத்தனை கூச்சலுக்கும் மாமா அசையவில்லை. மூச்சு ஆழமாக ஏறி இறங்கியது.

“நித்திரையடா” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

மாமாவுக்கு நித்திரை வராத கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவர் உதட்டில் விரலை வைத்தார். பூங்கா அப்படியே அடங்கியது. ரேடியோகூட நின்றுவிட்டார். அதுவரை அவர் பேசாமல் நான் கண்டதில்லை.

அந்த அமைதியில் மாமா துள்ளி எழும்பினார். எழும்பிய வேகத்திலேயே குப்புற விழுந்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டார். தலையை மட்டும் உயர்த்தி எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஆனால் என்னைத் தெரிந்த பார்வையாக அது இருக்கவில்லை.

“கத்துங்கோ!” என்றார் அணித் தலைவர். ஒருவருக்கும் விளங்கவில்லை. “நிண்டு பார்க்காமல் கத்துங்கோ எல்லாரும்! அங்கை சண்டைக்குள்ளை சத்தம் நிண்டால்தான் பயம், அடுத்த குண்டு எங்கை விழுமெண்டு. விளையாடுங்கோடா!”

அப்பாதான் முதலில் அசைந்தார். சேற்றைப் பாராமல் மாமாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

“ஒண்டுமில்லைத் தம்பி. மட்ச் நடக்குது. நீர் படுத்துக்கொள்ளும்.”

“கோல் விட்டிட்டன் அத்தான்.”

“அது போகட்டும். படுத்துக்கொள்ளும்.”

அப்பா தன் கோட்டைக் கழற்றி விரித்தார். இன்னும் இரண்டு பேர் தங்கள் கோட்டுகளைக் கொடுத்தார்கள். கோல் வாயிலிலேயே மாமாவைப் படுக்கவைத்தார்கள். இரண்டு அணிகளும் மைதானத்தின் மறுபாதிக்குப் போய் ஒரே கோலை வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கின. ரசிகர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்து மாமாவைச் சுற்றி நின்று கத்தினார்கள். எதற்குக் கத்துகிறோம் என்ற கவலை இருக்கவில்லை. ரேடியோ மறுபடியும் தொடங்கினார். அவர் சொன்ன ஆட்டம் எங்கேயும் நடக்கவில்லை. அவர் சொன்ன பெயர்கள் எல்லாம் ஊரில் எப்போதோ கல்லூரிக்கு ஆடியவர்களின் பெயர்கள் என்று பிறகு அப்பா சொன்னார். “பந்து இப்ப மத்தியில்... தம்பி எடுக்கிறார்... கீப்பர் கவலைப்படத் தேவையில்லை, பந்து தூரத்திலை, நல்ல தூரத்திலை...”

மாமாவின் கண்கள் இரண்டு தரம் திறந்து பார்த்தன. பிறகு திறக்கவில்லை.

நாயோடு நடந்துவந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நின்று பார்த்தார். நடுவில் நித்திரை கொள்ளும் கோல் காப்பாளரையும், சுற்றிநின்று தொண்டை கிழியக் கத்துகிற மனிதர்களையும் பார்த்துவிட்டு, என்ன நடக்கிறது என்று அப்பாவிடம் கேட்டார். பயிற்சி என்றார் அப்பா. கிழவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மழை தூறும்வரை கத்தினார்கள். முறை வைத்துக் கத்தினார்கள் என்றே சொல்லவேண்டும். ஒருவருக்குக் குரல் கம்மினால் மற்றவர் பிடித்துக்கொண்டார். எனக்குக் குளிரும் பசியும். யார் வெல்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

கோடைக்கான அணியில் மாமாவின் பெயர் இருக்கவில்லை. அணித் தலைவர் அன்றைக்கே அதை அப்பாவிடம் சொல்லிவிட்டார். “அவன் நல்ல கீப்பர் அண்ணை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்றார். அப்பா, “ஓம், ஓம்” என்று மட்டும் சொன்னார். மாரி முழுவதும் கொடுத்த வாக்கு அப்படி முடிந்தது. காரில் வரும்போது மாமா முன்னிருக்கையில் இருந்தார். கன்னத்தில் யாருடையதோ கோட்டுப் பொத்தானின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா மூன்று பேரின் சேற்றையும் பார்த்தார். கேட்க விருப்பமில்லாமல்தான் கேட்டார். “என்ன, வெண்டியளோ?”

“இல்லை. இவர் கோல் விட்டவர்” என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “நித்திரை கொண்டதாலை விட்டவர்” என்றார்.

“நித்திரையோ?”

“ஓம். மழை வருமட்டும். நாங்கள்தான் எழுப்பினது.”

அம்மா மாமாவைப் பார்த்தார். கன்னத்தில் இருந்த அச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். குசினிக்குள் போய், அடுத்த கிழமைக்கென்று உறைய வைத்திருந்த நண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டார். நண்டுக் கறி எங்கள் வீட்டில் விசேஷங்களுக்கு மட்டும்தான். தோற்றுவந்த ஆளுக்கு எதற்காக நண்டு என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டே அம்மா அப்பாவை அழைத்தார்.

“வாற ஞாயிறும் மட்ச் இருக்கோ?”

“பிராக்டிஸ்தான் இருக்கும்.”

“அப்ப கூட்டிக்கொண்டு போங்கோ. நானும் வாறன்.”

கிழமையில் தனக்குக் கிடைத்த ஒரேயொரு காலை நித்திரையை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு அம்மா வந்தார். மாமா பின்னால் கோட்டுகளின்மேல் படுத்திருக்க, மைதானத்து ஓரமாக ஆண்களோடு நின்று, பந்து எந்தப் பக்கம் போகிறது என்றுகூடத் தெரியாமல், கையைத் தட்டித் தட்டிக் கத்தினார். அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான். அம்மாவுக்கும் உதைபந்தாட்டப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.