செருப்பைத் தேட வைத்த முகப்பிசை

“பழைய மாதிரி இல்லை” என்று காலையில் ஒருவர் எழுதியிருந்தார். “பழசையே சூடு பண்ணிப் போட்டிருக்காங்க” என்று மத்தியானம் ஒருவர் எழுதினார். இரண்டு கமெண்டுக்குப் பக்கத்திலும் ஒரே பூனைப் படம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரே ஆள்தான். நடுவில் சாப்பிட்டிருக்கிறார் போலிருக்கிறது.

இந்தப் பூனைக்காரரைச் சந்தோஷப்படுத்துவதுதான் அந்த மாதம் முழுக்க என் பிழைப்பாக இருந்தது.

விஷயம் இதுதான். எங்கெங்கோ உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, வாள் சுழற்றி, மந்திரம் போட்டு, ராட்சதப் பல்லிகளை அடித்துக்கொண்டிருக்கும் ஆன்லைன் கேம் ஒன்று. பல வருஷங்களுக்கு முன்னால் அடையாறில் ஒரு வீட்டு மாடியில் ஆரம்பித்த கம்பெனி அதைச் செய்தது. கேமுக்குள் நுழையும்போது வரும் முகப்பிசை என்னுடையது. அப்போது அதை யாருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட. இப்போது இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கும் நானே. ஒரு சின்ன முன்னோட்டம் வெளியிட்டார்கள். கோரஸ், வயலின் கூட்டம், இடி மாதிரி டிரம்ஸ். எனக்கே புல்லரித்தது. ரசிகர்களுக்கு வேறு எங்கேயோ அரித்திருக்கிறது.

மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டவர்கள், ஒரே ஒரு கேள்வியில் மட்டும் ஒற்றுமையாக நின்றார்கள்: “அந்த மூச்சு எங்கே?”

பழைய இசையில் புல்லாங்குழல் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு கேட்கும். தூங்கும் டிராகனின் மூச்சு அது என்று ஒரு கட்சி. செத்துப்போன ராணியின் ஆவி என்று இன்னொரு கட்சி. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், படம் போட்டு அம்புக்குறியெல்லாம் வைத்து விளக்கியிருக்கிறார்கள். உண்மையில் அன்றைக்குத் தி. நகர் ஸ்டூடியோவில் லிப்ட் வேலை செய்யவில்லை. புல்லாங்குழல்காரருக்குக் கொஞ்சம் பருத்த உடம்பு. மாடி மாடியாக ஏறி வந்தவர், மயிலாப்பூரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஓட வேண்டிய அவசரத்தில், மூச்சு அடங்குவதற்குள் வாசித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதை வெட்டி எடுக்க எங்களுக்கும் சோம்பல். இன்றைக்கு அதே கட்டடத்தில் லிப்ட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மூச்சுக்கு நான் எங்கே போக?

இரண்டாம் பாகத்துக்குப் பொறுப்பான பெண் அடையாறு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். என் வயதில் பாதி, என் நிதானத்தைப் போல இரண்டு மடங்கு.

“சார், கமெண்ட்ஸ் பாத்தீங்களா?”

“நான் அதெல்லாம் பாக்கறதே இல்லம்மா” என்றேன், பூனைக்காரரின் புதிய கமெண்டை விரலால் மேலே தள்ளிக்கொண்டே.

“மேனேஜ்மென்ட்ல கொஞ்சம் பயப்படறாங்க சார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஒண்ணு குடுங்க. சரியா வரலைன்னா மும்பைல ஒருத்தர்கிட்ட பேசி வெச்சிருக்காங்க.”

“வேறன்னா எப்படிம்மா இருக்கணும்?”

“பழசு மாதிரி சார். ஆனா பழசா இல்லாம.”

போனை வைத்தேன். அந்த மும்பைக்காரரை எனக்குத் தெரியாது. இருந்தாலும் அடுத்த கால்மணிக்குள் மனசுக்குள்ளேயே அவருக்கு ஒரு தாடி வைத்து, மாலை போட்டு, விருது கொடுத்து, அவர் மேடையில் என் பேரைச் சொல்லாமல் இறங்குவதுவரை பார்த்துவிட்டேன். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டேன். அது புஸ்ஸென்று ஊதிப் பார்த்துவிட்டு, எண் எதுவும் காட்டாமல் அணைந்துபோனது. அதற்கும் சொல்லப் பயம்.

எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். மனைவி பாட்டு டீச்சர். உள் அறையில் அவள் வகுப்பு நடக்கும். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பிள்ளைகளின் அம்மாக்கள் காத்திருப்பார்கள். ஒரு மூலையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கீபோர்டு முன்னால் நான். யார் தொழிலிலும் யாரும் தலையிடுவதில்லை என்பது எங்கள் இல்லற ரகசியம். அந்த வாரம் நான் போட்ட மெட்டுகளைச் சொன்னால் எனக்கே அவமானம். ஒன்று ஊதுவத்தி விளம்பரம் மாதிரி இருந்தது. இன்னொன்றைப் போட்டு முடித்துப் பெருமையாகக் கேட்டுப் பார்த்தால், தண்ணீர் லாரி பின்னால் நகரும்போது போடுகிற சத்தம்.

சனிக்கிழமை சாயங்காலம், பயத்தில் மூளை நின்றுபோன பிறகு, விரல்கள் தாமாகவே கறுப்புக் கட்டைகளில் ஓட ஆரம்பித்தன. ஐந்தே சுரம். மெதுவாக ஒரு மெட்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். அத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, சோதித்துப் பார்ப்போம் என்று ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் விட்டேன்.

முதல் சுற்று முடிவதற்குள் ஓர் அம்மா கைப்பையை மூடினார். பக்கத்து நாற்காலி அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். இன்னொருவர் போனை எடுத்து ஆட்டோ தேட ஆரம்பித்தார். இரண்டாவது சுற்றில் கூடமே காலி. அத்தனை பேரும் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

என் தொழில் வாழ்க்கையில் என் இசையைத் திட்டியவர்கள் உண்டு, தூங்கியவர்கள் உண்டு. இப்படிச் சத்தம் போடாமல் வெளிநடப்பு செய்தவர்கள் இல்லை.

பின்னாலேயே மனைவி வந்தாள். “க்ளாஸை யார் முடிச்சா? பாதிகூட ஆகலையே!”

“பாட்டு வந்துதே மாமி. முடிஞ்சுடுத்துன்னு நெனச்சுண்டோம்” என்றார் ஒற்றைச் செருப்போடு நின்ற ஓர் அம்மா.

மனைவி என் பக்கம் திரும்பினாள். “ஏன்னா, என்ன வாசிச்சேள்?”

“முகப்பிசைடி. புது உலகத்துக்குள்ள காலடி எடுத்து வைக்கற மாதிரி.”

“எதுக்குள்ள? செருப்புக்குள்ளயா?”

அம்மாக்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“மத்யமாவதி ராகம்னா அது. அச்சு அசலா. கச்சேரில மங்களம் பாடிட்டுக் கடைசில முடிக்கறதை எடுத்து வாசல்ல கொண்டு வெச்சிருக்கேள். இந்த ஏரியால அதைக் கேட்டா யார் உக்காருவா? நானே சுருதிப் பெட்டிய நிறுத்திட்டேன், தெரியுமோ?”

“கேம் ஆடறவனுக்கு மத்யமாவதியெல்லாம் தெரியாதுடி.”

“போட்டவருக்கே தெரியலையே, அவனுக்கு எங்க தெரியப்போறது?”

திங்கட்கிழமை, வேறு போக்கிடம் இல்லாமல், அதையே எடுத்துக்கொண்டு தி. நகர் போனேன். புடவைக் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஸ்டூடியோவின் சவுண்ட் இன்ஜினியர் ராயப்பேட்டைக்காரர். எனக்குப் பத்து வயது சின்னவர். முதல் பாகத்தின் பெருமூச்சைப் பதிவு செய்த பாவத்தில் பங்குதாரர். தொழுகை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

“இன்னா நைனா, மூஞ்சி தண்ணில போட்ட அப்பளம் மாதிரி கீது?”

பதிலுக்கு மெட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

“நல்லா கீது நைனா. ஆனா கடைய சாத்திட்டு ஷட்டர் எறக்குறா மாதிரி கீது.”

“நீயுமாப்பா?”

“கோச்சிக்காத. எனக்கு ஒடனே பழைய கேம் ஞாபகம் வந்துட்ச்சு. அத மூடறானுங்கல்ல.”

“எதை மூடறாங்க?”

“இன்னா நைனா, அதுக்குப் பாட்டு போட்டவன் நீ, உனக்கே தெரியாதா? ரெண்டாவது வருதுன்னு மொதலாவத இழுத்து மூடறான். மாசக் கடைசில சர்வர் ஆஃப். ஒரு நோட்டீஸ் போட்டான், அவ்ளோதான். நம்ம கேங்கு மொத்தமும் அதுலதான் கீது. ஒர்த்தன் துபாய்ல கீறான், ஒர்த்தன் சிங்கப்பூர், ஒர்த்தன் வியாசர்பாடி. அங்க வெச்சிதான் பேசிக்கினு கீறோம். இவன் பாட்டுக்கு புதுக் கடை தொறக்கறேன், வா வான்றான்.”

“அதுக்கு எதுக்குய்யா என் பாட்டைத் திட்டறீங்க?”

“வேற யாரத் திட்டறது? சர்வரத் திட்டினா அதுக்குக் காது கீதா?”

நியாயம்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. “பழைய பாட்டுல அப்படி என்னதான்பா இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அப்பல்லாம் கேம் லோட் ஆவறதுக்குள்ள டீ குட்ச்சிட்டு வந்துடலாம். உன் பாட்டக் கேட்டுக்கினே குந்தினு இருப்போம். புட்ச்சிதா, இல்லையான்னு யார் பாத்தா? வேற வழி இல்ல. அப்பிடியே ஒட்டிக்கிச்சு.”

இத்தனை வருஷம் அதை என் மேதாவிலாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோ மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்ற முடியாமல் நின்றது. மெட்ரோ வேலைக்கான தடுப்புகளுக்கு நடுவே எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சபாக்கள் ஞாபகம் வந்தன. டிசம்பரில் பாடகருக்குத் தொண்டை கட்டி, கச்சேரி பாதியில் நின்றுபோனால்கூட, இரண்டு வரி மங்களம் பாடாமல் இறங்க மாட்டார்கள். பாடாவிட்டால் சபையில் யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றாது. காண்டீன் வாசனை வந்தாலும் உட்கார்ந்தே இருப்பார்கள். இங்கே என்ன நடக்கிறது? முதல் கச்சேரிக்கு மங்களமே பாடவில்லை. பக்கத்து மேடையில் இரண்டாவது கச்சேரிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டு, ஏன் யாரும் கைதட்டவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆட்டோவிலிருந்தே அடையாறுக்குப் போன் போட்டேன். ஹாரன்களுக்கு மேலே கத்திச் சொன்னேன். அந்தப் பெண் முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

“சார், நான் கேட்டது தீம். நீங்க குடுக்கறது சாவு மேளம்.”

“சாவு இல்லம்மா, மங்களம்! பழைய கேமை மூடற அன்னிக்கு இதைப் போடுங்க. அப்புறம் பாருங்க, புதுசைத் திட்ட மாட்டாங்க. தீமும் வெள்ளிக்கிழமை வந்துடும்.”

“திட்டினாங்கன்னா?”

“மும்பைக்குப் போன் பண்ணிடுங்க” என்றேன். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

முன்னோட்டத்தில் வந்த தீமையே எடுத்து டிரம்ஸைக் குறைத்தேன். கோரஸில் பாதியை அனுப்பிவிட்டேன். மூச்சுதான் பாக்கி. வியாழக்கிழமை ஸ்டூடியோவுக்கு லிப்டை விட்டுவிட்டு நானே மாடிப்படி ஏறினேன். கதவருகே மைக்கோடு நின்ற இன்ஜினியர், “இன்னும் ஒருவாட்டி எறங்கி ஏறு நைனா, இதுல பயம் ஜாஸ்தியா கீது” என்றார். ஏறினேன். அவர் திருப்திப்பட்டபோது எனக்கு ராணியின் ஆவி நேரிலேயே தெரிந்தது.

மாசக் கடைசியில் பழைய கேமை மூடும் சாயங்காலம், ஸ்டூடியோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் உள்ளே நுழைந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதை ஒழுங்காக ஆடியதே இல்லை. என் ஆளிடம் ஒரு மரக்கழிதான் இருந்தது. எல்லோரும் ஊர்ச் சதுக்கத்தில் கூடுகிறார்கள் என்று அவர் வழி சொன்னார். போகிற வழியில் ஒரு காட்டுப்பன்றி என்னைக் கொன்றது. மறுபடி பிறந்து போனேன். அதே பன்றி. கடைசியில் சதுக்கத்துக்கு ஆவியாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே தகதக கவசம் போட்டவர்கள், கொம்பு வைத்தவர்கள், இறக்கை முளைத்தவர்கள், எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையோரத்தில் அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. மெட்டு ஆரம்பித்ததும் அது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. ஒருவன் எழுந்து நின்றான். அப்புறம் இன்னொருவன். கடைசியில் மொத்தச் சதுக்கமும் எழுந்து நின்றது. யாரும் மத்யமாவதி படித்தவர்கள் இல்லை. “வரேன் மச்சி” என்று ஒரே ஒரு வரி வந்தது. துபாயா வியாசர்பாடியா, தெரியவில்லை. திரை கறுத்தது.

இன்ஜினியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஏசி சரியில்ல நைனா” என்றார். எனக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாகம் வந்தது. “இது வேற டிராகன், வயசான டிராகன் போல. ஆனா பரவால்ல” என்று எழுதினார்கள். என் மூச்சுக்குக் கிடைத்த விமர்சனம். மும்பைக்காரரின் தாடியை மனசுக்குள்ளேயே மழித்து அனுப்பிவைத்தேன். அன்றைய காப்பியைச் சூடு ஆறுவதற்குள் குடித்தேன்.

இரண்டாவது வாய்க்குள் பூனைக்காரர் வந்துவிட்டார். “மூடற அன்னிக்குப் போட்டதுதான் உண்மையான தீம். இவ்வளவு நல்ல மியூசிக்கை ஒரே ஒரு நாள் போட்டு வீணாக்கிட்டாங்க. இந்தக் கம்பெனில யாருக்கும் காதே இல்லையா?” கீழே ஆமாம் ஆமாம் என்று ஒரு ஊர்வலம்.

அடையாறிலிருந்து போன் வந்தது.

“சார், ஒரு சின்ன விஷயம். எல்லாரும் அதையே கேக்கறாங்க. பேசாம அதையே முகப்புல வெச்சிடலாமா?”

“வேணாம்மா. சொன்னாக் கேளு. அதை ஆரம்பத்துல போட்டா எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க.”

“சார், அவங்க வீட்டுலதானே சார் இருக்காங்க?”