இன்று காலையிலிருந்து தெரியும்

மதிய இடைவேளையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "நான் முருகேசன், சுனாபட்டிலருந்து பேசுதேன். உங்களுக்கு என்னயத் தெரியாது," என்றார் ஒருவர். "ரூபி அக்கா காலைல தவறிட்டாங்க."

நெஞ்சுவலி. வேலைக்குக் கிளம்பி, பஸ்ஸுக்காக நின்ற இடத்தில்.

அவர் போனை வைக்கவில்லை. பிறகு சொன்னார். "அடுத்த வாரம் எனக்கு கோர்ட்டுத் தேதி. அக்காதான் ஜாமீன் நின்னாங்க. அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த நம்பருக்குப் பேசுன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க."

என்னிடம் அக்கா இதைச் சொல்லியதே இல்லை.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல முடியும்? தாராவியில் வீடு. செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. மாதாமாதம் சம்பளச் சீட்டு. தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் பிழைக்கும் எங்கள் சந்துகளில் அந்தச் சீட்டு உள்ளவர்கள் குறைவு. நீதிமன்றம் அதைத்தான் கேட்கும். ஜாமீன் உத்தரவு வந்துவிட்டால் போதாது. இவர் தேதிக்கு வருவார் என்று எழுதிக் கொடுக்க நிலையான வீடும் வருமானமும் உள்ள ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாதவர் உத்தரவு கிடைத்தும் உள்ளேயே இருப்பார்.

என் அண்ணன் இருந்தான்.

தைத்த சரக்கை டெம்போவில் ஏற்றும் இடத்தில் ஒரு கைகலப்பு. ஒருவருக்கு மண்டையில் காயம். அண்ணனைக் கூட்டிப் போனார்கள். நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியிருந்தேன். நீதிமன்ற வாசலில் "சூரிட்டி சாஹியே க்யா?", ஜாமீனுக்கு ஆள் வேண்டுமா, என்று கேட்டபடி வாடகை ஜாமீன்தாரர்களுக்கு ஆள் பிடித்தவர்கள் என்னைச் சூழ்ந்தபோது அந்தக் கட்டுரையில் ஒரு வரியும் உதவவில்லை. உத்தரவில் இருந்த தொகையை உடனே கட்ட வேண்டும் என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். அண்ணனின் தையல் மிஷினுக்கு விலை பேசி முடித்தாயிற்று.

அடுத்த நாள் விடிந்ததும் கதவருகே ஒரு பெண். தோளில் பை, காலில் ஆஸ்பத்திரிக்குப் போடும் வெள்ளைச் செருப்பு. அம்மாவோடு வேலை செய்பவள் சொல்லி வந்திருந்தார். அதுவரை நாங்கள் ரூபி அக்காவைப் பார்த்ததில்லை.

"யக்கா, மிஷின வித்துராதீய. உத்தரவுல போட்ட தொக இப்பக் கெட்டுத துட்டு இல்ல. அவன் வராமப் போனாத்தான் ஜாமீன் நின்னவ தலைல விழும். மொதல்ல டீ போடுங்க."

டீ குடித்தார். அவசரமே இல்லை. அண்ணன் எங்கே படுப்பான் என்று கேட்டார். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்து, இது எந்த ஊர்க் கோயில், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு ஒரு கேள்வி.

"கோவம் வந்தா அவன் என்ன செய்வான்?"

அம்மா யோசித்தாள். "திங்காமப் படுத்துக்கிடுவான்."

"அப்ப ஓட மாட்டான். வாங்க, போவம்."

நீதிமன்ற வாசலில் நின்றவர்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவன், "ஆ கயி, ஃபுக்கட் வாலி சூரிட்டி," என்றான். ஓசி ஜாமீன் வந்துவிட்டதாம். "உனக்கும் ஒருநாள் தேவப்படும்ல, அப்ப எங்கிட்டத்தான் வருவே," என்று அக்கா தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார். நீதிமன்றத்துக்குள்ளேயே இலவச சட்ட உதவிக்கு ஒரு அறை இருந்தது. மூன்று நாள் அதன் முன்னால் நடந்திருக்கிறேன், கதவைத் தட்டவில்லை. அங்கிருந்த மராத்தி வக்கீலம்மா அக்காவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

நீதிபதி அக்காவிடம் கேட்டார், இவரை எத்தனை நாளாகத் தெரியும் என்று. வழக்கமாக எல்லோரும் பத்து வருடம் என்பார்கள். நீதிபதிக்கும் அது பொய் என்று தெரியும்.

"ஆஜ் சுபே சே, சாப்," என்றார் அக்கா. இன்று காலையிலிருந்து.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அக்கா அதே பம்பாய் இந்தியில் சொன்னார்: காலையில் அவன் வீட்டில் டீ குடித்தேன். அவன் அம்மாவைப் பார்த்தேன். அவன் வராமல் போனால் எங்கே போய்ப் பிடிப்பது என்று தெரிந்துகொண்டேன்.

நீதிபதி பேனாவை எடுத்தார். அண்ணன் அன்றே வெளியே வந்தான்.

அக்காவின் ரேஷன் கார்டின் பின்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். ஜாமீன் நிற்கும் ஒவ்வொரு முறையும் வழக்கு எண்ணை எழுதி முத்திரை வைப்பார்கள். இடமே இல்லை. "அரிசி வாங்குனதுக்கு இத்தன முத்திர கெடயாது," என்றார். ஒரு வழக்கு முடிந்த பிறகே அடுத்தது. யார் கெஞ்சினாலும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் நிற்க மாட்டார். "ஒரு சமயத்துல ஒருத்தன் மேலதான் கண்ணு வைக்க முடியும்."

அண்ணன் செய்தானா என்று அவர் கேட்கவே இல்லை. நான் கேட்டேன், ஏன் கேட்கவில்லை என்று. "செஞ்சானா செய்யலயாங்கது ஜட்ஜு வேல. வருவானா மாட்டானாங்கதுதான் என் வேல."

ஒரு தேதிக்கு அண்ணன் வரவில்லை.

ஓடவில்லை. ஊரில் கோயில் பண்டிகை, எங்கள் சர்ச்சின் அசனம். வருடா வருடம் தாராவியில் பாதிப் பேர் அந்த விருந்துச் சோற்றுக்காக ரயில் ஏறுகிறோம். அண்ணனும் ஏறிவிட்டான். நடுவில் ஒரு தேதி இருந்ததை வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நானும்தான். வாரண்ட் வந்தது. அக்காவுக்கு நோட்டீஸ்: ஆளைக் கொண்டு வா, இல்லையென்றால் தொகையைக் கட்டு.

அவர் எங்களிடம் சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு, முன்பதிவு இல்லாத பெட்டியில் நாகர்கோவில் வண்டியில் ஏறிவிட்டார். அந்த போட்டோவில் இருந்த கோயிலுக்கு. அண்ணன் பிறகு சொன்னான்: பந்தியில் நிமிர்ந்து பார்த்தால் எதிர் வரிசையில் ரூபி அக்கா, இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவன் இலையை விட்டு எழப் பார்த்தான்.

"தின்னு முடி, லே. வண்டி சாயங்காலந்தான்," என்றாராம். "கறி நல்லாருக்குல்லா?"

வழி முழுக்க வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வந்து, ஸ்டேஷனிலிருந்து நேராக நீதிமன்றம். வாரண்ட் ரத்தானது. அதன் பிறகு அண்ணன் ஒரு தேதியையும் விடவில்லை. வழக்கு முடியும்வரை எல்லாத் தேதிக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றான்.

நான் படித்தவற்றில் நம்பிக்கை என்ற சொல் நிறைய வருகிறது. அது இரண்டு பகல் ஒரு இரவு தரையில் உட்கார்ந்து பயணம் செய்யும் என்று எதிலும் இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வெளியே வரும்போது முருகேசன் தனியாக நின்றிருந்தார். ஜாமீன்தாரர் இறந்தால் புது ஆள் வேண்டும். இல்லையென்றால் மறுபடி உள்ளே. அவரிடம் வீட்டு முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டேன். இப்போது எனக்கும் ஒரு சம்பளச் சீட்டு வருகிறது. அது அக்காவுக்குத் தெரியும்.

இதை எழுதும் இன்று அவருடைய தேதி. வெளிச்சம் வந்ததும் சுனாபட்டிக்குப் போனேன். அவர் மனைவி பயத்தோடு டீ கொண்டு வந்தார். என்ன வழக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். கோபம் வந்தால் இவர் என்ன செய்வார்?

"அத ஏன் கேக்கீய," என்று அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தார். "சொவத்துல ஆணி அடிப்பாவ."

திரும்பிப் பார்த்தேன். சுவர் முழுக்க ஆணி. ஒன்றில் ஒரு குடும்பப் படம் மாட்டியிருந்தது, பின்னால் ஒரு கோயில் கோபுரம். எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு என்னைக் கேட்பார்கள், இவரை எத்தனை நாளாகத் தெரியும் என்று. பத்து வருடம் என்று சொல்ல மாட்டேன்.