மூன்றாவது ப்ரொஃபைல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது மொந்தேவிதியோ நகரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. நேரங்கள்கூடத் தாளில் இருக்கின்றன. குறித்து வைத்தவள் லுக்ரேசியாவேதான்.

கீபோர்டுகளைச் சோதித்து எழுதும் ஒரு சின்ன இணைய இதழில் அவளும் ஃபாகுண்டோவும் ஒன்பது வருடமாக அடுத்தடுத்த மேசை. அவன் எழுதினால், "படிக்கும்போதே தட்டுற சத்தம் கேக்குதுய்யா!" என்று வாசகர்கள் உருகுவார்கள். அவள் எழுதினால், "தகவலுக்கு நன்றி" என்பார்கள். அந்த இரண்டு சொல்லும் அவளுக்கு நெஞ்சில் முள்.

இந்த முறை ஆசிரியர் வாஷிங்டன் இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருந்தார். புதிதாக வந்த கம்பியில்லாத கீபோர்டு. அதோடு வரும் மென்பொருளை மதிப்பிட வேண்டும். எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று பதிந்து வைக்கும் 'ப்ரொஃபைல்'கள் அதில் உண்டு. யார் எழுதியது பிரமாதமோ, அவருக்குத் தலைமை விமர்சகர் பதவி. ஃபாகுண்டோ சோதித்து முடித்து, கீபோர்டை அவள் மேசையில் வைத்துவிட்டு, அம்மாவின் பிறந்தநாளுக்கென்று அன்று விடியலில் காரில் பைசாந்து ஊருக்குக் கிளம்பியிருந்தான்.

2:40. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கைபேசி அடித்தது. அவன்தான்.

"லுக்ரே, ஒரு உதவி. மூணாவது ப்ரொஃபைலை அழிச்சிடாதே."

"கை மாறினா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் தொடங்கணும். நீ போட்ட விதிதானே, மகாராசா?"

"நான் போட்டதுதான்டி. ஆனா என் கட்டுரையே அதுக்குள்ளதான் இருக்கு. விசைக்கு ஒரு பத்தியாப் பதிஞ்சு வெச்சிருக்கேன். வேற எங்கயும் இல்ல."

"கட்டுரையைக் கீபோர்டுக்குள்ளயா வெப்பாங்க, கூறுகெட்டவனே!"

"அந்த வசதி வேலை செய்யுதான்னு பாத்தேன்..." சிரித்தான். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

"எங்கடா இருக்கே? குளிக்கிறியா?"

"ம்... குளிருது."

வைத்துவிட்டான்.

அவள் மென்பொருளைத் திறந்தாள். மூன்றாவது ப்ரொஃபைலைத் தேர்ந்து, ஒரு விசையை அமுக்கினாள். வெற்றுப் பக்கத்தில் வரிகள் தாமாக ஓடின.

'இந்த மென்பொருளுக்குப் பொறுமை அதிகம். இரண்டு முறை தப்புச் செய்தேன். மூன்றாவது முறை, நான் திருந்துவேன் என்று அது காத்திருந்தது.'

அடுத்த விசை. அடுத்த பத்தி. அதுவும் அழகு. அவளுக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருடம்! இதில் ஒரு வரியாவது தனக்கு வாய்த்திருக்கக் கூடாதா?

விதி என்றால் விதிதானே.

3:12. அழித்தாள்.

பக்கத்தையும் துடைத்துவிட்டுத் தன் கட்டுரையைத் தொடங்கினாள். நாலு வரி வந்தது.

3:15. திரையின் ஓரத்தில்... மூன்றாவது ப்ரொஃபைல்.

மறுபடி அழித்தாள்.

3:17. மறுபடி வந்தது.

கீபோர்டை இணைப்பதற்காகக் கணினியில் செருகியிருந்த குட்டி ரிசீவரைப் பிடுங்கினாள். 'இணைப்பில் உள்ளது' என்றது திரை.

கீபோர்டையே அணைத்தாள். அதன் விளக்குகள் அணைந்தன.

'இணைப்பில் உள்ளது.'

டக்.

அவள் கைகள் மடியில் இருந்தன.

டக்... டக் டக்...

விசைகள் தாமே இறங்கின. அவள் எழுதிய நாலு வரியும் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. அங்கே அவன் வரிகள் வந்தன. நிறுத்தி நிறுத்தி. இரண்டே விரலால் தட்டுகிறவனின் வேகம்.

விசைகள் ஈரமாக இருந்தன.

"ஃபாகு...?"

சத்தம் நின்றது.

பிறகு தொடர்ந்தது.

3:31. கடைசி டக்.

3:40. வாஷிங்டன் அழைத்தார். அவர்கள் எழுதும் பக்கம் அவர் கணினியிலும் தெரியும்.

"படிச்சேன்மா. அடேயப்பா... பதவி உனக்குத்தான். ஆனா அதுக்காகக் கூப்பிடல." குரல் உடைந்தது. "ஃபாகுண்டோ போயிட்டான்மா. காலைல ஒம்பதே முக்காலுக்கு. பாலத்துலேர்ந்து கார் ஆத்துல விழுந்து... இப்பதான் எடுத்தாங்க."

"இல்ல சார். ரெண்டு நாப்பதுக்கு என்கிட்ட போன்ல பேசினானே!"

"போன் அவன் சட்டைப்பையிலயேதான் இருந்துச்சாம். இவ்வளவு நேரமும் தண்ணிக்குள்ள."

அவள் திரையைப் பார்த்தாள். கட்டுரையின் அடியில் ஒரு பெயர். அவள் தட்டவில்லை. ஆனால் அது அவள் பெயர்.

'சார், அது என்னோடது இல்ல' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சொல்லவில்லை.

இன்று அவள்தான் தலைமை விமர்சகர். அந்தக் கட்டுரைக்கு இப்போதும் கடிதம் வருகிறது. "படிக்கும்போதே தட்டுற சத்தம் கேக்குதும்மா!"

அவளுக்கும் கேட்கிறது. பேட்டரியைக் கழற்றி, இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிய கீபோர்டிலிருந்து...

தினமும். சரியாக 3:12க்கு.